தாளிக்காத ரசம்

திருவனந்தபுரத்தில் சாப்பாட்டுக்கு என்ன குறை என்று என்னிடம் சொன்னவர்களை எல்லாம் பிடித்து, அந்த ஊரில் ஒரு கவளம் ரசஞ்சோறு தேடி அலையவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. சொன்னவர்களில் ஒருவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். இன்னொருவர் அங்கே போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்த பலசரக்குக் கடைக்காரர். "ராஜா இருக்கிற ஊரு அண்ணாச்சி. தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கிளப்பு. உக்காந்தா எந்திரிக்க விடமாட்டான்" என்றார் கடைக்காரர். உட்காரவே விடாத இடமும் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. அவர் போனது சாமி கும்பிட. நான் போனது என் மாமனாரின் கண்ணுக்கு.

மாமனாருக்கு அப்போது ஒரு கண்தான் பாக்கி. மற்றதை ஊசி வைத்துப் புரை தள்ளுகிறேன் என்று வந்த ஒரு நாட்டு வைத்தியன் கெடுத்துவிட்டுப் போயிருந்தான். பாக்கி இருந்த கண்ணிலும் புரை விழுந்து, வாசலில் நிற்பது மாடா மனிதனா என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டார். திருவனந்தபுரம் கண்ணாஸ்பத்திரியில் கத்தி வைத்தால் பார்வை வரும் என்று யாரோ சொன்னார்கள். நான் கோவில்பட்டியில் பருத்தித் தரகு செய்துகொண்டிருந்தேன். வேலையைப் போட்டுவிட்டு அவரை அழைத்துக்கொண்டு செங்கோட்டை வழியாக ரயில் ஏறினேன். வேறு ஆள் இல்லை. அவருக்கு ஒரே மகள், என் பெண்டாட்டி. அவள் நிறைமாத கர்ப்பிணி. மாமியார் அவள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். தலைப் பிரசவம் வேறு. மருமகன்தான் போக வேண்டும் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியதும் பசி. எதிரே இருந்த முதல் கிளப்பில் நுழைந்தோம். இலை போட்டார்கள். சோறு வந்தது, சிவப்பாக, ஒவ்வொரு பருக்கையும் புளியங்கொட்டை அளவில். மாமனார் விரலால் தொட்டுப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை இது, முத்துச்சோளமா?" என்றார். அரிசிதான் என்றேன். அடுத்து அவியல் வந்தது. அதன் தலையில் பரிமாறுகிறவன் ஒரு கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெயை ஊற்றினான். மாமனார் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தலைக்குத் தேய்க்கிறதைச் சோத்துல ஊத்துறானே! இவனுக்குப் புத்தி இருக்கா?"

நாங்கள் கரிசல் காட்டு ஆட்கள். எங்களுக்கு எண்ணெய் என்றால் நல்லெண்ணெய். அதில்தான் தாளிப்போம், அதில்தான் பொரிப்போம். தேங்காயெண்ணெய் வாடை வந்தாலே மாமனாருக்கு வயிறு புரட்டும். இது அவருடைய வீம்பு என்று நான் நினைத்தேன். வீம்பு இல்லை, உண்மையாகவே குமட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று நான் இரண்டு இலைக்கும் காசு கொடுத்து, அரைவயிற்றோடு எழுந்து, அவருக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். ஆபரேஷன் வரைக்கும் பழமும் மோரும்தான் அவருடைய ஆகாரம். அதுவரை எனக்கு எரிச்சல் மட்டும்தான் இருந்தது. ஆபரேஷன் முடிந்த பிறகு பயமும் சேர்ந்துகொண்டது.

டாக்டர் நல்ல மனிதர். கத்தி வைத்து முடிந்ததும் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஆபரேஷன் என்னுடைய ஜோலி. அது கழிஞ்சு. இனி கண்ணு உங்க கையிலாக்கும்" என்றார். கட்டு அவிழ்க்கிற வரை நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தலை ஆடக் கூடாது. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்திருந்தார்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கட்டு. மென்று தின்னக் கூடாது. இருமக் கூடாது, தும்மக் கூடாது, வாந்தி எடுக்கக் கூடாது, அழக் கூடாது. "ஒரு தடவை ஓக்கானிச்சா மதி, அது போதும். தையல் இல்லாத புண்ணாக்கும். உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே வரும். பின்ன அந்தக் கண்ணும் இல்லை."

அழக் கூடாது என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய அம்மா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. மற்றதுதான் எனக்குக் கவலை.

ஆஸ்பத்திரியில் பாலும் ரொட்டியும் கொடுத்தார்கள். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினால் துப்பினார். சிவப்பரிசிக் கஞ்சி கொண்டுவந்தார்கள். ஒரு வாய் வாங்கினார். "கழனித்தண்ணி" என்று உதட்டை மூடிக்கொண்டார். பால் மட்டும் குடித்தார். உடம்பில் சத்து இல்லாவிட்டால் புண் கூடாது, எதையாவது உள்ளே தள்ளு என்று டாக்டர் சொன்னார். "என்னதான் வேணும் மாமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாய் ரசஞ்சோறு. குழையப் பிசைஞ்சு. அவ்வளவுதான்வே. ராசா இருக்கிற ஊர்ல அது கிடைக்காதா?"

கிடைக்காதா என்று நானும்தான் நினைத்தேன். கையில் காசு இருக்கிறது, கால் இருக்கிறது, ஊர் நிறையக் கிளப்பு இருக்கிறது. பித்தளைத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோட்டைப் பக்கம் ஒரு பிராமணாள் ஓட்டலில் வெள்ளைப் பச்சரிசிச் சோறு கிடைக்கும் என்றார்கள். போனேன். உள்கூடம் அவர்களுக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு வெளித் தாழ்வாரம், அங்கே ஓட்டைப் பலகை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கதை நகராது. பரிமாறுகிறவரிடம் ரசம் எந்த எண்ணெயில் தாளித்தது என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எண்ணன்னு சொன்னா வெளிச்செண்ண தன்னே. பின்ன எந்தா?"

வெளிச்செண்ணெய் என்றால் அங்கே தேங்காயெண்ணெய்.

"நல்லெண்ணெய் கிடையாதா?"

"உண்டு. விளக்கில ஒழிச்சு எரிக்கான். பாண்டியில நீங்க அதைத் தின்னுமோ?" என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். நாலு பேர் சிரித்தார்கள். பாண்டி என்பது நாம்தான், மலைக்குக் கிழக்கே உள்ளவர்கள்.

சரி, சிரித்துத் தொலையட்டும். நெய்யில் தனியாகத் தாளித்துக் கொடுங்கள், காசு கூடத் தருகிறேன் என்று தூக்கை நீட்டினேன். தூக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. கண்ணாஸ்பத்திரியிலிருந்து என்றேன். அவ்வளவுதான். அவர் இரண்டடி பின்னால் போனார். ஆஸ்பத்திரிப் பாத்திரம் அடுக்களைக்குள் வராதாம். "பின்னே நோயாளிக்கு ரசத்தை வாழை இலையில கட்டித் தருவீரா?" என்று கேட்டேன். இன்னும் சத்தமாகவே சில வார்த்தை கேட்டேன். வாசலில் இருந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து சாலைக் கடைத்தெரு. அங்கே வத்தல் வியாபாரி ஒருவரை எனக்குத் தொழில் வழியில் தெரியும். சாலையிலும் பக்கத்தில் ஆரியசாலையிலும் பாதிக் கடை நம் பக்கத்து ஆட்களுடையது. அவரிடம் போய் முறையிட்டேன். "என்னய்யா இதுக்குப் போயி! ஆரியசாலையில நம்ம திருநவேலி ஆளு கிளப்பு வச்சிருக்காரு. சைவம். அங்க போங்க, சொந்த வீடு மாதிரி" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

கிளப்புக்காரர் கல்லாவில் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே என்று ஊரைச் சொன்னதும், "அட, நம்ம பக்கம்லா! வாருங்க, வாருங்க" என்று எழுந்தே விட்டார். என் கதையைக் கேட்டார். ஆஸ்பத்திரிப் பாத்திரத்தைத் தொட்டு வாங்கினார். வெள்ளைச் சோற்றைக் குழைவாக எடுத்து வைக்கச் சொன்னார். எண்ணெய் என்ன என்று கேட்டேன். "நல்லெண்ணெய்தான் அண்ணாச்சி! நம்ம ஊர்க்காரன்கிட்ட கேக்கக்கூடிய கேள்வியா இது?" என்றார்.

நான் ஓட்டமும் நடையுமாக வந்தேன். தட்டில் பிசைந்தேன். தலையை அசைக்காமல் கரண்டியால் மாமனாரின் வாயில் வைத்தேன். முதல் வாய் உள்ளே போனது. இரண்டாவது வாய் தொண்டைக்குப் போகுமுன் அவர் முகம் மாறியது. நெஞ்சு ஒரு முறை தூக்கிப் போட்டது.

நர்ஸ் ஓடிவந்து அவருடைய தலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவரும் பிடிவாதக்காரர்தான், அந்தப் பிடிவாதம் அன்றைக்கு ஒரு காரியத்துக்கு உதவியது. வாந்தி வரவில்லை. டாக்டர் வந்து கட்டை மேலாகப் பார்த்துவிட்டு, "பாக்கியம்" என்றார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, நான் ஒரு கொலைகாரன் என்பதுபோலப் பேசினார். என் வாழ்நாளில் நான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்ட திட்டு அது ஒன்றுதான்.

மறுநாள் காலை கிளப்புக்குள் நுழைந்த வேகத்தில் கல்லா மேல் தூக்கை வைத்து ஒரு இடி இடித்தேன்.

"நல்லெண்ணெய்னு சொன்னீரே வே?"

"ஆமா, உண்டுமே. ரெண்டும் கலந்துதான் ஊத்துவோம்" என்றார், கொஞ்சமும் கூசாமல். "வெளிச்செண்ணெய் சேக்கலேன்னா இங்க உள்ளவங்களுக்கு எறங்காது அண்ணாச்சி. எனக்கே எறங்காது, கேட்டேளா. என் பாட்டனாரு வந்த ஊரு இது. அந்தப் பக்கம் நான் பாத்ததே இல்ல."

"அப்ப எதுக்குவே நம்ம பக்கம், நம்ம பக்கம்னு வாயெல்லாம் பல்லா நின்னீரு?"

"அது ஒரு பிரியம்தான்."

அடிக்கலாம் போல இருந்தது. அடித்தால் ரசம் கிடைக்காது. நெய்யில் தனியாகத் தாளித்துத் தாரும் என்றேன். பந்தி நேரத்தில் அடுப்பு ஒன்றும் ஒழிவில்லை என்றார். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ரசத்துக்குத் தாளிதம் கடைசியில்தானே? அண்டாவில் கொட்டுவதற்கு முன்னாலேயே எனக்கு ஒரு தூக்கு எடுத்துக் கொடுத்துவிட்டால் எந்த எண்ணெயும் இல்லை. இதை ஏன் நேற்றே நினைக்கவில்லை என்று இருந்தது.

"தாளிக்காம கொடும். அது போதும்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "தாளிக்காமலா? நோயாளிக்கா? வேண்டாம் அண்ணாச்சி. மனசுக்கு ஒப்பலை."

"உம்ம மனசு எனக்கு எதுக்கு? ரசத்தைக் கொடும்!"

கொடுத்தார். அவர் ஏன் தயங்கினார் என்று யோசித்திருக்கலாம். எனக்கும் அந்த வழக்கம் தெரியாதது அல்ல. ஆனால் அந்த ஊரில் வந்து இறங்கியதிலிருந்து எண்ணெய், எண்ணெய் என்றே என் புத்தி சுற்றிக்கொண்டிருந்தது.

மாமனாருக்கு ஊட்டினேன். குமட்டவில்லை. ஒரு வாய், இரண்டு வாய், நாலு வாய் போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திருவனந்தபுரத்தை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த கரண்டியை நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. நாக்கால் மேலண்ணத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"மாப்பிள்ளை, இதுல கடுகு இல்லையே."

"இல்ல மாமா."

"கருவேப்பிலை?"

"இல்ல. தாளிக்கலை. உங்களுக்காகத்தான்..."

"எனக்காகவா?" அவர் குரல் இறங்கிவிட்டது. "வீட்டுல யாரு மாப்பிள்ளை?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் கை போர்வைமேல் என் கையைத் தேடிப் பிடித்தது. "மறைக்காதீரும். எம்மகளா? பிரசவத்துல போயிட்டாளா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கம் துட்டி வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிகிற வரை கடுகு வெடிக்கக் கூடாது. அந்த நாட்களில் தாளிக்காத குழம்பு, தாளிக்காத ரசம். சின்னப் பிள்ளைகூட வாயில் வைத்ததும் சொல்லிவிடும், இது துட்டி வீட்டுச் சோறு என்று. கண் கட்டிக் கிடக்கிற மனிதர். மகள் நிறைமாதம். ஊரிலிருந்து சேதி எதுவும் இல்லை. மருமகன் தாளிக்காத ரசத்தைக் கொண்டுவந்து ஊட்டுகிறான். அவர் வேறு என்ன நினைப்பார்?

"ஐயோ மாமா, அப்படி ஒண்ணும் இல்ல! எண்ணெய் இல்லாம வேணும்னு நான்தான் கேட்டு வாங்கினேன்."

"உமக்குத் தந்தி வந்திருக்கு. எனக்குத் தெரியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருப்பான். நீரு துட்டி காக்கிறீரு. அதான் தாளிக்கலை."

"சத்தியமா இல்ல!"

"சத்தியம் பண்ணாதீரும். எம்மேல சத்தியம் பண்ணிப் பொய் சொல்ல வேண்டாம்."

அழ ஆரம்பித்தார். சத்தம் இல்லை. உதடு கோணிக்கொண்டு போனது, கட்டுக்குக் கீழே கன்னம் இரண்டும் துடித்தன. அம்மா செத்தபோது அழாத மனிதர். என்ன செய்யக் கூடாது என்று டாக்டர் கடைசியாகச் சொன்னாரோ அதைச் செய்துகொண்டிருந்தார். கட்டின் ஓரத்தில் பஞ்சு நனைவது எனக்குத் தெரிந்தது.

நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் மலையாளத்தில் சமாதானம் சொன்னாள். "கரையல்லே அச்சா, கரையல்லே" என்றாள், அழாதே அப்பா என்று. அதைக் கேட்டு அவர் அழுகை கூடியது. அயல் மனுஷிகூட ஆறுதல் சொல்லுகிறாள் என்றால் சாவு உறுதி என்று எடுத்துக்கொண்டார். தந்தி அடித்துப் பதில் வரவழைக்கலாமா என்று யோசித்தேன். அது வருவதற்குள் கண் போய்விடும். வந்தாலும் படிக்கப்போவது நான். நான் படித்தால் நம்ப மாட்டார். ஒரு நிமிஷம் எனக்கே பயம் வந்துவிட்டது. எனக்கும்தான் ஊரிலிருந்து சேதி இல்லை. அவர் சொல்லுகிறபடி நடந்தே இருந்தால்? ஒரு தூக்கு ரசம் என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது பாருங்கள். அந்தக் கோட்டைப் பக்கத்து ஓட்டல்காரர், சிரித்த நாலு பேர், ஆரியசாலைத் திருநீறு எல்லாரையும் மனசுக்குள் கிழி கிழியென்று கிழித்தேன்.

பிறகு அவர் காதருகே குனிந்து சொன்னேன்: "மாமா, செத்த வீட்டுக்காரன் எண்ணெய்ச் சட்டி வைப்பானா?"

அழுகை நிற்கவில்லை.

"உங்க மக செத்திருந்தா, நான், அவ புருஷன், தாளிப்பனா? கேக்கேன், சொல்லுங்க."

அழுகையின் நடுவே மூச்சு ஒரு தரம் நின்றது. "வைக்க மாட்டீரு" என்றார். "நீரு முரடன். ஆனா அந்த மரியாதை கெட்டவன் இல்ல."

"அப்ப இருங்க. அழாம இருங்க. நான் வந்து உங்க காதுகேக்கத் தாளிக்கேன்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நோயாளிகளின் ஆட்கள் கஞ்சி வைக்க ஒரு கொட்டகை இருந்தது. நான் அதுவரை அந்தப் பக்கம் போனதில்லை. எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. தலைநகரத்தில், காசு கொடுத்து ரசம் வாங்க முடியாமலா போய்விடும் என்ற எண்ணம் வேறு. அங்கே பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். கல்லாற்றுப் பக்கம் மலையடிவாரத்துக்காரி. தமிழும் பேசுவாள். கரி அடுப்பும் கரண்டியும் கேட்டேன்.

"அடுப்பு எடுத்தோ. கரண்டி தர மாட்டேன்" என்றாள்.

"ஏம்மா, ஒரு நிமிஷம்தானே?"

"அது மீன் வறுக்குற கரண்டியாக்கும். நீங்க சைவம்லியோ? பின்ன என்னை ஏசக் கூடாது."

அந்த ஊரில் என்னிடம் முதல்முதலில் உண்மை பேசிய ஆள் அவள்தான். வண்டி பிடித்துச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு இரும்புக் கரண்டி, ஒரு புட்டி நல்லெண்ணெய், ஒரு பொட்டலம் கடுகு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. எண்ணெய்க் கடைக்காரன், "தேச்சுக் குளிக்கவா?" என்று கேட்டான். நான் சொன்ன பதிலை எழுத முடியாது.

மாமனாரின் கட்டில் சன்னலை ஒட்டி இருந்தது. சன்னலுக்கு வெளியே வராந்தாவில் அடுப்பை வைத்துக் கரியை ஊதினேன். நர்ஸ் பாய்ந்து வந்தாள்.

"அய்யோ! இது ஆசுபத்திரியா அடுக்களையா? தீ கெடுத்து! அணைன்னு சொல்லுறேன்!"

"அம்மா, கொஞ்சம் பொறு. அவர் மகள் உயிரோட இருக்கான்னு காட்டணும்."

"அடுப்பு வச்சா காட்டுறது?"

"ஆமா. எங்க ஊர்ல அப்படித்தான்."

எனக்குப் பைத்தியம் என்று அவள் நினைத்திருப்பாள். ஆனால் உள்ளே திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். நனைந்த பஞ்சைப் பார்த்தாள். "வேகம் செய்" என்று சொல்லிவிட்டு, டாக்டர் வருகிற வழியில் போய்க் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

கரண்டியில் எண்ணெயை ஊற்றி அடுப்பில் காட்டினேன். "மாமா, எண்ணெய் வச்சாச்சு. நல்லெண்ணெய். வாடை வருதா?" அவர் மூக்கு விடைத்தது. நான் கடுகை அள்ளிப் போட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கடுகு எண்ணெய்க்குள் போய் அசையாமல் கிடந்தது. நான் கரண்டியைப் பார்த்தேன். உள்ளேயிருந்து அவர் மெதுவாகக் கேட்டார்:

"வெடிக்கலையே மாப்பிள்ளை."

"வெடிக்கும்."

"நீரு கடுகு போடலை. சும்மா கரண்டியை வச்சுக்கிட்டு நிக்கீரு."

"போட்டுருக்கேன் மாமா, எழவு வெடிக்க மாட்டேங்குது!"

துட்டிக்குப் பயந்து தாளிக்கிற இடத்தில் எழவு என்று சொல்லிவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். எண்ணெய் காயுமுன் கடுகைப் போடக் கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? கல்லாற்றுக்காரி பின்னாலிருந்து ஓலை விசிறியோடு வந்து, ஒன்றும் பேசாமல் கரியை விசிறினாள். கரி சிவந்தது. ஒரு கடுகு வெடித்துத் தெறித்து என் மணிக்கட்டில் பட்டது. அதற்குப் பின்னால் எல்லாம் ஒன்றாகப் படபடவென்று பொரிந்தன. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டேன். சடசடவென்று வராந்தா முழுக்கக் கேட்டது. கரண்டியோடு உள்ளே ஓடி, தூக்கிலிருந்த ரசத்தில், அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்து முக்கினேன். சுர்ரென்றது.

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். கன்னத் துடிப்பு நின்றது.

"அப்ப இருக்காளா?"

"இருக்கா மாமா. எனக்குத் தெரிஞ்சு நல்லா இருக்கா."

"சரி, ஊட்டும்" என்றார். மிச்சச் சோற்றில் அந்த ரசத்தை விட்டுப் பிசைந்து ஊட்டினேன். எல்லாவற்றையும் தின்றார். "கடுகு கருகிப் போச்சுவே" என்றார். நர்ஸ் கட்டை மாற்றச் சொல்லி டாக்டரைக் கூப்பிடப் போனாள். டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, கட்டு அவிழ்க்கிறபோதுதான் நிச்சயம் சொல்ல முடியும் என்றார். அதுவரை எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

அன்று முதல் ஆரியசாலையிலிருந்து வெள்ளைச் சோறும் தாளிக்காத ரசமும் வரும். நான் வராந்தாவில் உட்கார்ந்து, அவர் காதுகேட்கத் தாளிப்பேன். கேட்காவிட்டால் வாய் திறக்க மாட்டார். நர்ஸ் தினமும் ஏசுவாள், தினமும் கதவை மறைப்பாள். நான் அவரோடு உட்கார்ந்து அதையே தின்றிருக்கலாம். ஆனால் அவருக்கு ஊட்டி, பாத்திரம் கழுவி முடிக்கிறபோது கிளப்புகளில் பந்தி முடிந்திருக்கும். போனால் அடிச்சட்டியில் சிவப்புச் சோறும் எண்ணெய் மிதக்கும் அவியலும்தான். கண்டதைத் தின்றேன், பாதி நாள் ஒன்றுமில்லை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

கட்டு அவிழ்க்கிற நாள் வந்தது. டாக்டர் சன்னலைச் சாத்தச் சொன்னார். பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தார். மாமனார் கண்ணைத் திறந்தார், மூடினார், திறந்தார். டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். சரியாகச் சொன்னார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மாமனார் டாக்டரைப் பார்க்கவில்லை, நர்ஸைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணை என்மேல் கொண்டுவந்து நிறுத்தி, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, இப்படி மெலிஞ்சு போயிட்டீரு?" என்றார். "இவ்வளவு பெரிய ஊர்ல உமக்குச் சாப்பிட ஒரு நல்ல இடம் பாத்துக்கிடத் தெரியலையா?"